இருபத்து நான்காவது படி

எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பாதவன் என்று என்னைப் பற்றி நானே பல வருடங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. சொன்னால் வீட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் சிரிக்கிறார்கள். (பேத்தியையும் சேர்த்தால் ஐந்து.)

நான் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். மதகு, வாய்க்கால் பாலம், கரைக்கல் என்று கட்டி முடித்த வேலையை அளந்து, எண்ணி, அளவுப் புத்தகத்தில் எழுதுவது என் தொழில். முப்பத்து நான்கு வருடம் எழுதினேன். ஓய்வு பெற்ற அன்று புத்தகத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. கடலூர் முதுநகரில் நாங்கள் பூசைக்குப் போகும் மாதா கோயிலில் நாற்பத்து நான்கு பெஞ்சுகள், பதினெட்டு மின்விசிறிகள். அவற்றில் மூன்று சுற்றாது. பிரசங்கம் இருபது நிமிடத்தைத் தாண்டினால் ஜனங்களின் இருமல் இரண்டு மடங்காகும். இதைச் சாமியாரிடம் ஒருமுறை எடுத்துச் சொன்னேன். அடுத்த ஞாயிறு பிரசங்கம் இன்னும் நீளமாக இருந்தது.

எண்ணுகிறவனுக்குக் கவலையும் ஜாஸ்தி. எண்ணினால்தானே எது குறைகிறது என்று தெரியும்? வெளியூர் போனால் குடை ஒன்று, தண்ணீர் பாட்டில் இரண்டு, டார்ச் விளக்கு ஒன்று, அதற்கு மாற்று பாட்டரி இரண்டு, கைக்குட்டை மூன்று. "சிதம்பரம் போறதுக்கா இம்மாஞ்சாமான்? சிலோனுக்குப் போறாப்பல" என்பாள் என் மனைவி பிலோமினா. நான் சொல்லப் போகிற சம்பவம் சிதம்பரத்தில்தான் நடந்தது. டார்ச் விளக்கும் குடையும் இல்லாமல் போயிருந்தால் அதில் பாதி நடந்திருக்காது.

2008-ஆம் வருடம், அக்டோபர் மாதம். எனக்கு அறுபத்து மூன்று வயது. (இன்றிலிருந்து பார்த்தால் சின்னப் பையன்.) எங்கள் ஒரே மகள் ஸ்டெல்லாவைச் சிதம்பரத்தில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை சேவியர் அங்கே ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாக லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு கடை போட வேண்டும் என்பது அவருக்கு ஆசை என்று சொன்னால் போதாது. எதிரில் நின்று பேசுகிறவர்களின் மூக்கைக்கூட அவர் 'இதற்கு எந்த ஃபிரேம் பொருந்தும்' என்றுதான் பார்ப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனோம். ஏறுவதற்கு முன் பிலோமினா தன் ஜெபமாலையை என் சட்டைப் பையில் போட்டாள்.

"கைப்பை ஜிப்பு போயிடுச்சி. நீங்க வெச்சிக்குங்க."

அந்த ஜிப் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் நான் இன்றைக்கும் தலை நிமிர்ந்து எண்ணிக்கொண்டிருப்பேன்.

மகள் வீட்டில் கறி அடுப்பில் இருந்தது. மாப்பிள்ளை என்னைக் கண்டதும் சொன்னார்.

"மாமா, எடம் ஒண்ணு கெடச்சிருக்கு. தேர் ஓடற வீதி. கீழ கடை, மேல தேய்க்கிற பட்டறை வெச்சிக்கலாம். நமக்குக் கட்டுப்படியாவுற வாடகை."

"தேர் ஓடற வீதியில கட்டுப்படியாவுதா?" என்றேன். எனக்கு அங்கேயே ஒரு கவலை பிறந்தது.

பதில் அடுப்படியிலிருந்து வந்தது. சேவியரின் அம்மா, எங்கள் சம்மந்தி அன்னம்மாள். வெங்காயம் அரிந்த கையோடு வெளியே வந்தார்.

"ஏன் கட்டுப்படியாவுதுன்னு கேளுங்க சம்மந்தி. அது கொலை உழுந்த வூடு. ஜவுளி மாடி."

எந்த வீதி என்று இங்கே எழுதமாட்டேன். கட்டிடக்காரர், அதாவது இடத்தின் சொந்தக்காரர், இன்னும் என்னை முழுதாக மன்னிக்கவில்லை. சம்மந்தியம்மாள் சொன்ன கதை இதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே ஒரு ஜவுளி வியாபாரி இருந்தார். ஒரு நாள் பட்டப்பகலில் அவருடைய கூட்டாளி, துணி அளக்கும் கஜக்கோலால் அவரை மாடிப்படியில் அடித்துக் கொன்றான். (ஏன் கொன்றான் என்பதற்கு ஊரில் மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.) கடைசிப் படியில் கால் வைக்கும் முன்பே வியாபாரியின் உயிர் போய்விட்டது. அந்தப் படியை அவர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறார்.

"ஏறும்போது எத்தினி படியோ, எறங்கும்போது ஒண்ணு கூட வரும். அந்த ஒண்ணு அவுரோடது" என்றார் சம்மந்தியம்மாள்.

நான் சிரித்தேன். அப்படிச் சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது.

"சம்மந்தி, படி என்னா குட்டி போடுமா? முப்பத்தி நாலு வருஷம் படியும் பாலமும் எண்ணினவன் நான். ஒரு செங்கல் கூட குறைய வந்ததில்ல."

"அப்ப நீங்களே போயி எண்ணிட்டு வாங்க. ஏறினதும் எறங்கினதும் ஒரே கணக்கா இருந்திச்சின்னா, மொதப் படியில நானே மெழுகுவத்தி ஏத்தறேன். ஒண்ணு கூட வந்திச்சின்னா, சேவியரு, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்காத."

சேவியர் அம்மா பேச்சைத் தட்டாதவர். கட்டிடக்காரர் திங்கட்கிழமை காலை வரைதான் தவணை கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு செல்போன் கடைக்காரர் காத்திருந்தார், அவருக்குப் பேயும் கிடையாது, அம்மாவும் கிடையாது. மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. பதினோரு வருடத் தேய்ப்பும் அந்த இரண்டு கண்ணில் இருந்தது.

ஸ்டெல்லா என்னைத் தனியாக இழுத்தாள். "அப்பா, சும்மா பெருமைக்குப் போவாதீங்க. அத்தை சொன்னா சொன்னதுதான்."

"எண்றதுதானே? இதுல என்னா பெருமை?" என்றேன், மிகுந்த பெருமையுடன்.

"கறி வேக அரை மணி ஆவும். போறதுன்னா இப்பவே போயிட்டு வாங்க" என்றாள் பிலோமினா. அவள் ஸ்டெல்லாவோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

சம்மந்தியம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். "உச்சி வேளை. அதுக்கு இதான் சரியான நேரம்" என்றார், ரயில் நேரம் சொல்வதுபோல.

கட்டிடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் சம்மந்தியம்மாள் உட்கார்ந்தார். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று டீக்கடைக்காரர் கேட்டார். சம்மந்தியம்மாள் சொல்லிவிட்டார். இரண்டு நிமிடத்தில் பெஞ்சில் இடமில்லை. கட்டிடக்காரர் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

"நீங்க போங்க சார். எனக்கு முட்டி வலி."

எனக்கு ஆறு வருடமாக முட்டி வலி. யாரும் கேட்கவில்லை.

உள்ளே ஜன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு டார்ச் தேவைப்பட்டது. (பார்த்தாயா பிலோமினா?) மரப்படி, ஓர் ஆள் ஏறும் அகலம், பக்கத்தில் பிடி கிடையாது. வலக்கையில் டார்ச். குடையை இடது முழங்கையில் மாட்டிக்கொண்டேன். முதல் படியில் கால் வைத்ததும் அது முனகியது. மரப்படி முனகும் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி ஒருமுறை ஒரு அறிக்கையே எழுதியிருக்கிறேன். ஆனாலும் என் வாய் என்னைக் கேட்காமல், மாதாவுக்குச் சொல்லும் மங்கள வார்த்தை ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

இங்கே ஒரு சிக்கல். வாய் ஜெபம் சொல்லும்போது மனசால் எண்ண முடியாது. ஜெபத்தை நிறுத்தவும் எனக்குத் தைரியமில்லை. அப்போதுதான் சட்டைப் பையில் பிலோமினாவின் ஜெபமாலை நினைவுக்கு வந்தது. படிக்கு ஒரு மணி. பத்து சின்ன மணி முடிந்தால் ஒரு பெரிய மணி வரும், அதை மட்டும் தாண்டிவிட வேண்டும். எங்கள் வீடுகளில் இதை ஐம்பத்து மூன்று மணி ஜெபம் என்றே சொல்வோம். அதாவது எண்ணிக்கை அதன் பெயரிலேயே இருக்கிறது. இதைவிட நம்பகமான கருவி உலகத்தில் உண்டா? வாயை மாதாவிடமும், எண்ணுவதை விரலிடமும் ஒப்படைத்துவிட்டு ஏறினேன்.

பத்து. பெரிய மணி. இன்னொரு பத்து. பெரிய மணி. மூன்று. மேலே வந்துவிட்டேன். இருபத்து மூன்று.

மேலே காலி அலமாரிகள், புறா எச்சம், படி முடியும் இடத்தில் ஆணியில் சணல் கயிற்றால் தொங்கிய ஓர் இரும்புக் கஜக்கோல். அதை நான் உற்றுப் பார்க்கவில்லை. இறங்கத் திரும்பினேன்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலையை ஒரு முனையிலிருந்து அளந்தால், சரிபார்ப்பதை எதிர் முனையிலிருந்து செய்ய வேண்டும். அப்போதுதான் பிழை பிடிபடும். ஆகவே ஜெபமாலையையும் எதிர்ப்பக்கத்திலிருந்து, கடைசிப் பத்திலிருந்து ஆரம்பித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். முதல் பத்து முடிந்து பெரிய மணி வந்தது. அடுத்த பத்து, பெரிய மணி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தரை.

இருபத்து நான்கு.

முதுகுத்தண்டில் ஐஸ் வைத்ததுபோல என்று கதைகளில் எழுதுவார்கள். எனக்கு அப்படி இல்லை. டார்ச்சைத் திருப்பிக் கடைசிப் படியை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். ஆனால் நான் ஒரு தடவை அளந்ததை வைத்து எழுதுகிற ஆள் இல்லை. மறுபடி ஏறினேன். இருபத்து மூன்று. இறங்கினேன். இருபத்து நான்கு. மூன்றாம் முறை முட்டி கெஞ்சியது, ஏறினேன். இருபத்து மூன்று. மூன்று முறையும் ஒரே அளவு வந்தால் அது பிழையில்லை, பதிவு.

மூன்றாம் முறை இறங்கத் திரும்பும்போது குடையின் வளைந்த பிடி கஜக்கோலின் சணல் கயிற்றில் மாட்டிக்கொண்டது. இது எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம். அப்போது தெரிந்தது என்னவென்றால், நான் ஒரு படி இறங்கினேன், பின்னால் 'டங்' என்று ஒரு படி இறங்கியது. நான் நின்றேன். அதுவும் நின்றது. இன்னொரு படி இறங்கினேன். டங். யாரோ என் குடையைப் பின்னாலிருந்து மெதுவாக இழுத்தார்கள்.

அத்தனை பயத்திலும் என் விரல் மணியைத் தள்ளிக்கொண்டே இருந்தது என்பதைத் துறையின் பெருமைக்காக இங்கே பதிவு செய்கிறேன். பெரிய மணி, பெரிய மணி, நான்கு. தரையில் கால் பட்டதும் பின்னால் வந்தவர் கடைசிப் படியிலிருந்து குதித்து என் குதிகாலில் ஓங்கி அடித்தார்.

கதவு எப்படி வந்தது என்று தெரியாது. வீதியில் நின்றேன். ஒரு காலில் செருப்பு இல்லை. கையில் ஜெபமாலை. முழங்கையில் குடை. குடையின் பின்னால், நூறு வருடத் தூசியோடு, கொலை செய்த கஜக்கோல் தார்ச்சாலையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் வாய்விட்டுக் கத்தினேன்.

"இருபத்திநாலு. மூணு தடவையும் இருபத்திநாலு."

"யாருப்பா அது?" என்று யாரோ கேட்டார்கள்.

"கவுருமெண்டு ஓவர்சியராம். எண்ணிப் பாக்க வந்தாரு" என்றார் டீக்கடைக்காரர். "கையோட கூட்டிக்கினே வந்துட்டாரு."

அதுவரை அது ஊர் சொன்ன கதை. அந்த நிமிடத்திலிருந்து அரசாங்கம் அளந்து சொன்ன உண்மை. கட்டிடக்காரர் முட்டி வலியை மறந்து என்னிடம் வேகமாக வந்தார்.

"சார், நான் உங்களுக்கு என்னா கெடுதல் பண்ணேன்?"

சம்மந்தியம்மாள் என்னைக் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து வந்து, குடையிலிருந்து சணல் கயிற்றைக் கழற்றி, கஜக்கோலைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "தண்ணி குடிங்க சம்மந்தி" என்றார். கேலி செய்திருக்கலாம். சேவியர் உள்ளே போய் என் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தார். கதவைப் பூட்டி, சாவியைக் கட்டிடக்காரர் கையில் கொடுத்தார்.

"பரவால்ல மாமா" என்றார். வீட்டுக்குப் போகும்வரை அவர் யாருடைய மூக்கையும் பார்க்கவில்லை.

மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் என் தட்டில் எத்தனை துண்டு கறி விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. பிலோமினா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜெபமாலை மாதம் என்பதால் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் குடும்ப ஜெபம். பிலோமினா என்னிடமிருந்து ஜெபமாலையை வாங்கிச் சொல்ல ஆரம்பித்தாள். வழக்கமாக நான் ஜெபத்தின்போது தலையை நிமிர்த்தி உட்கார்ந்து, அவள் சொல்கிற மங்கள வார்த்தைகளைக் காதால் எண்ணுவேன். எப்போதும் பத்து பத்தாகச் சரியாக இருக்கும். அன்றைக்கு அவமானத்தில் தலை குனிந்திருந்தேன். அதனால்தான் முதல்முறையாக அவள் விரல்களைப் பார்த்தேன்.

ஐந்தாவது பத்து. ஒன்பதாவது மங்கள வார்த்தை முடிந்தது. பத்தாவதை அவள் சொன்னாள். விரலில் மணி இல்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வெறும் சங்கிலியைப் பிடித்திருந்தன. அடுத்தது பெரிய மணி.

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்தை யாரும் இடையில் நிறுத்தியதில்லை. நான் நிறுத்தினேன்.

"பிலோமினா, அதுல எத்தினி மணி?"

"எதுல?"

"கடைசிப் பத்துல."

"ஒம்போது" என்றாள் அவள். "ஏன்?"

"ஒம்போதா? எப்பலேருந்து?"

"ஸ்டெல்லா ஆறாங்கிளாஸ் படிக்கறப்ப. கெடிலம் ஆத்துல தண்ணி வந்து நீங்க பாலத்துக்கு அந்தாண்ட மாட்டிக்கினீங்களே, அன்னிக்கி. சாயங்காலம் வரைக்கும் நீங்க வர்ல. நான் இழுத்த இழுப்புல சங்கிலி அறுந்துபோச்சி. மறுநா பொறுக்கி எடுத்து நானே கோத்தேன். ஒண்ணு கெடைக்கல. அந்த ஒண்ண வாயால சொல்லிக்கிறது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தெனம் பக்கத்துல உக்காந்து எண்றீங்க. தெரியும்னு நெனச்சேன்."

இருபது வருடம். நாளுக்கு ஒரு தடவை என்றால் ஏழாயிரத்து முந்நூறு தடவை, லீப் வருடங்களுக்கு இன்னும் ஐந்து. அத்தனை முறையும் ஐம்பத்து மூன்று மணி ஜெபத்தை அவள் ஐம்பத்திரண்டு மணியில் சொல்லியிருக்கிறாள். முப்பத்து நான்கு வருடம் ஒரு செங்கல் குறையவிடாத நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் போட்டிருக்கிறேன்.

இறங்கும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி, அந்த ஒன்பதைப் பத்தாக எண்ணிய கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தது மாப்பிள்ளை. மதியத்திலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்போ என்னவோ, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஸ்டெல்லா. சம்மந்தியம்மாள் சிரிக்கவில்லை. யோசித்தார்.

"ஜெபத்த முடிங்க மொதல்ல" என்றார். "நாளைக்கிக் காலையில நானே வர்றேன். உங்க எண்ணிக்கையும் வேணாம், மணியும் வேணாம். சாக்பீஸ் எடுத்துக்கினு வாடா சேவியரு."

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே கட்டிடக்காரர் வீட்டு வாசலில் நின்றோம். அவர் சாவியைக் கொடுக்கும் முன் ஒரு நிபந்தனை போட்டார்.

"இந்த சார் மட்டும் உள்ள வரக் கூடாது."

நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். சம்மந்தியம்மாள் ஒவ்வொரு படியிலும் சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டே ஏறினார், போட்ட எண்களைப் படித்துக்கொண்டே இறங்கினார். வெளியே வந்து என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஏறவும் இருபத்திமூணு, எறங்கவும் இருபத்திமூணு. உள்ள இருந்தது நீங்க ஒருத்தர்தான் சம்மந்தி."

சொன்னபடி முதல் படியில் மெழுகுவத்தி ஏற்றினார். டீக்கடைக்காரர் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிறு சாயங்காலம் மகள் வீட்டில் ஜெபம் சொல்லி அந்த ஜவுளிக்காரரைக் கடைசிப் படி இறக்கிவிட்டுவிட்டோம் என்பது அவர் கட்சி. எனக்கும் அந்தக் கதை பிடித்திருந்தது. என் கதையைவிட அதில் எனக்கு மரியாதை ஜாஸ்தி.

கடை திறந்தபோது முதல் கண்ணாடி யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மாப்பிள்ளை என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணைச் சோதித்தார். பார்வையில் பெரிதாக ஒரு குறையும் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் சம்மந்தியம்மாள் உத்தரவு, கண்ணாடி தயாரானது. கஜக்கோலை மாப்பிள்ளை கடைச் சுவரில் மாட்டியிருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் படியை எண்ணிவிட்டு, வந்த காலோடு கண்ணையும் சோதித்துக்கொண்டு போகிறார்கள்.

வேளாங்கண்ணி போனபோது அதே நிறத்தில் ஒரு மணி வாங்கி வந்து பிலோமினாவிடம் நீட்டினேன். "இத்தன வருஷம் வாயால சொன்னத இப்ப எதுக்கு மாத்தணும்?" என்று அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இன்றைக்கும் எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் என் கண் தட்டுக்குப் போகும். வாய் முணுமுணுக்கும். மாப்பிள்ளை அதைக் கவனித்துவிடுவார்.

"எத்தினி இட்லி மாமா?"

"நாலு."

"ஏறும்போதா, எறங்கும்போதா?"

சிரிப்பு அடங்கும் வரை சட்னியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிலோமினா மட்டும் சிரித்துக்கொண்டே ஓர் இட்லியை எடுத்து என் தட்டில் வைப்பாள்.

"இப்ப எண்ணுங்க" என்பாள்.